எர்த் இல்லாத வீட்டில் ஒரு கிதார்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்தி நெறியாளரிடம் ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் கிதாரைப் பற்றி எழுதுவது முறையன்று. ஆயினும் ஓராண்டுக்கும் மேலாக நண்பர்கள் சிலர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவருகின்றனர்: "பத்தாயிரம் ரூபாய்க்குள் எந்த ஆம்ப் மாடலர் வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடையளித்தேன். அவற்றுள் பெரும்பாலானவை அரைகுறையான விடைகள் என்பது இப்போது தெரிகிறது. ஒலியைப் பற்றியே பேசினேன். மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்து, அவ்வூரின் மின்சார வரலாற்றையே ஆய்வுப்பொருளாகக் கொண்ட ஒருத்தி செய்திருக்கக் கூடாத பிழை அது. ஆகவே இந்த நீண்ட பதிவு.

இசைக்கருவிப் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சிறு விளக்கம். மின்கிதாரின் கம்பி அதிர்வு மிக நலிந்த ஒரு மின்சைகை மட்டுமே. அதற்கு உடலையும் குரலையும் தருவது ஆம்ப் எனப்படும் ஒலிபெருக்கிப் பெட்டி. வால்வு பொருத்திய பழைய ஆம்ப்கள் உரக்க ஒலிக்கும்போதுதான் தம் இயல்பான கரகரப்பைக் காட்டும். விலையும் எடையும் அதிகம். அந்தப் பெட்டியின் நடத்தையைக் கணக்குகளாக மாற்றி ஒரு சிறு கருவிக்குள் அடக்கியதே ஆம்ப் மாடலர். லைன் 6 நிறுவனம் 1998-இல் வெளியிட்ட, அவரைவிதை வடிவிலான சிவப்பு 'பாட்' இதனை வீட்டுப் பொருளாக்கியது. இன்று புத்தகம் ஒன்றின் அளவேயுள்ள கருவியில் பல ஆம்ப்களின் நகல்கள் கிடைக்கின்றன. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

எனக்கு அந்தக் கடைசி வசதிதான் வேண்டியிருந்தது. சாம்பியன் ரீஃப் பகுதியில் எங்கள் வீடு ஒரு வரிசை வீடு, இருபுறமும் பொதுச்சுவர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின் இங்குள்ளோரில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில். விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுபவர்கள் இரவு ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவார்கள். அவர்கள் தலைமாட்டில் நான் ஆம்ப் வைத்து வாசிக்க இயலாது. மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையில் வால்வு ஆம்ப் கனவும் இயலாது.

முதலில் செலவில்லாத வழியைத் தேடினேன். ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, மூலநிரலும் திறந்தது. மடிக்கணினி என்னிடம் இருந்தது. ஒலி இடைமுகம் ஒன்றைத் தோழியிடம் இரவல் வாங்கினேன். முதல் நாள் இரவு ஹெட்போனில் கேட்டது இசையன்று, இரைச்சல். இடைவிடாத ஒரு ரீங்காரம். கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் பெரும்பகுதி அடங்கிவிட்டது. ஆனால் என் கணினியின் பேட்டரி நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்காத கிழடு.

அந்த ரீங்காரத்துக்கு ஒரு சுரம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அது இரைச்சலாக ஒலிக்கும்போது 50, 100 என்னும் அதிர்வெண்கள் மேலோங்கும். கிதாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையை அழுத்தினால் வருவது ஜி; அதன் அதிர்வெண் 98. ஆக, நம் வீட்டு மின்சாரம் சற்றே சுருதி ஏறிய ஜி-யைப் பாடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 60 சுழற்சி என்பதால் அங்கே வேறு சுரம். ஜி மேஜரில் வாசிக்கும்போது இரைச்சல் பாட்டோடு ஒட்டியும் ஒட்டாமலும் நின்று எரிச்சலூட்டும். மற்ற சுருதிகளில் வெறுமனே எரிச்சலூட்டும்.

இரைச்சலைவிட இன்னொன்று என்னை உறுத்தியது. சார்ஜர் இணைந்திருக்கும்போது கிதார்க் கம்பியில் புறங்கையை உரசினால் மெல்லிய சுருக் ஒன்று ஓடியது, எறும்பு ஊர்வது போல. கம்பியில் மின்சாரம் எங்கிருந்து வந்தது? கிதாரின் கம்பிகள் யாவும் பாலம் வழியாகக் கேபிளின் வெளிவலையோடு இணைக்கப்பட்டவை. அந்த வலை கருவியின் உடலோடு சேரும். கருவியின் உடல் மூன்றாம் பின் வழியாகப் பூமியோடு சேரவேண்டும். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு மின்தேக்கிகள் தம்மிடம் கசிவதை அந்த வழியேதான் பூமிக்கு அனுப்புகின்றன. வழி அடைபட்டிருந்தால், கருவியின் உடலும் கணினியின் உடலும் கிதாரின் கம்பியும் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். அதில் பாயும் மின்னோட்டம் மிகச் சிறிது, ஆளைக் கொல்லாது. ஆனால் கொல்லக்கூடியது வந்தாலும் போக வழியில்லை என்பதற்கு அதுவே அறிவிப்பு.

அப்பாவிடம் சொன்னேன். சுரங்கத்தின் மின்பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பு மாட்டி, இரண்டு வயர்களை வெளியே விட்ட டெஸ்ட் லாம்ப் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். அதைக் கொண்டுவந்து பிளக் பாயிண்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தார், பல்பு எரிந்தது. ஃபேஸுக்கும் மேலேயுள்ள பெரிய துளைக்கும் இடையே வைத்தார்; எரியவில்லை. சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். மூன்றாவது முனையில் வயரே இல்லை.

"எர்த்தே இல்லம்மா. மூணு ஓட்டை சும்மா அழகுக்கு வெச்சிருக்கான்," என்றார்.

"நீங்க எலக்ட்ரீசியன். இத்தனை வருஷமா நம்ம வீட்டுல பாக்கலையாப்பா?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. டெஸ்ட் லாம்பின் வயரைச் சுற்றி முடித்தபின் சொன்னார்: "கீழ, எர்த் பாக்காம ஒரு பம்ப்பகூட ஓட்ட உட மாட்டாங்க. எழுதிக் கையெழுத்துப் போடணும். மேல யாரு கேட்டா?"

இந்த இடத்தில் என் ஆய்வுப்பொருள் குறுக்கே வருவதை என்னால் தடுக்க முடியவில்லை. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902 ஜூன் மாத இறுதியில். அவ்வளவு நீண்ட தூரத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்வது அன்றைய உலகிலேயே அரிய முயற்சி. மைசூர் அரசின் திவானாயிருந்து அதற்கு வழிகோலிய கே. சேஷாத்ரி ஐயர் 1901-இலேயே மறைந்துவிட்டார். அந்த மின்சாரம் பாய்ந்ததை அவர் காணவில்லை. பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்தது 1905 ஆகஸ்டில்தான். இந்த மூன்றாண்டு முந்துதலைச் சொல்லிப் பெருமைப்படாத தங்கவயல்காரர் இல்லை. நானும் என் ஆய்வு முன்மொழிவின் முதற்பத்தியில் பெருமைப்பட்டிருக்கிறேன்.

சிவசமுத்திரத்தில் தொடக்கத்தில் உற்பத்தியானது நொடிக்கு 25 சுழற்சி மின்சாரம். நயாகராவிலும் அன்று அதே அளவுதான். பெரிய மோட்டார்களுக்கு அது ஏற்றது. விளக்குகளுக்கு ஏற்றதன்று, ஒளி துடிக்கும். இரைச்சலின் சுரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அந்த இரவில் எனக்கு இது நினைவுக்கு வந்தது: 25 என்பதும் அதே ஜி, எண்மங்கள் கீழே. ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை. அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமா என்று நெறியாளரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையோடு அந்த எண்ணம் முடிந்தது.

ஆனால் அந்த மின்சாரம் யாருக்காக வந்தது என்பது அடிக்குறிப்பு அன்று. அது ஜான் டெய்லர் குழுமத்தின் மேலாண்மையிலிருந்த சுரங்கங்களுக்காக வந்தது: தண்ணீர் இறைக்க, காற்றழுத்த, பாறை நொறுக்க. அதே நிலத்தின்மேல் வாழ்ந்த தொழிலாளர்கள், பெரும்பான்மையும் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தலித் மக்கள், அதன் வாடிக்கையாளர்களாகக் கருதப்படவில்லை. எங்கள் வீட்டுக்கு அது அப்பாவின் திருமணத்துக்குப் பிறகு இரண்டு கம்பிகளாக வந்தது. மூன்றாவது கம்பி வரவே இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள் இறங்கியது. அதன் தலைமாட்டில் இருக்கும் வீட்டுக்குப் பூமியோடு ஓர் இணைப்பு இல்லை. இதை என் இயலுக்குள் எழுத எனக்கு இன்னும் மொழி கிடைக்கவில்லை. முகநூலில் எளிதாக இருக்கிறது.

கிதாருக்குத் திரும்புகிறேன். மடிக்கணினி ஒத்துவராததால் பழைய மாடலர் ஒன்றை இரண்டாங்கையாக 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். அடாப்டர் இல்லை. வீட்டில் பழைய இணையப் பெட்டியின் அடாப்டர் இருந்தது. 9 வோல்ட் என்று போட்டிருந்தது, துளையில் கச்சிதமாகப் பொருந்தியது. கருவியின் விளக்கு ஒருமுறை மின்னியது. பிறகு மீன் வறுத்தது போல அல்லாமல், பேக்கலைட் தீய்ந்தது போல ஒரு வாசனை. அவ்வளவுதான். அப்பா அதைத் திறந்து பார்த்து, பெருமூச்சு விட்டு, மூடி வைத்தார்.

கிதார்க் கருவிகளின் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை எதிர்மின், வெளிவளையம் நேர்மின். வீட்டிலுள்ள மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. இந்த விசித்திரத்துக்குக் காரணம் உண்டு. பழைய பெடல்களில் 9 வோல்ட் பேட்டரி உள்ளே இருக்கும். அடாப்டரைச் செருகும்போது பேட்டரியைத் துண்டிக்க வேண்டும். எதிர்மின் முனை ஏற்கெனவே கிதார்க் கேபிள் செருகும் துளையில் சுவிட்சாகப் பயன்பட்டுவிட்டது. கேபிளைப் பிடுங்கினால் பெடல் அணைவது அதனால்தான். எஞ்சியது நேர்மின் முனை. மின்செருகியின் துளையில் துண்டிக்கும் தகடு வெளிவளையத்தோடு தொடர்புடையது. ஆகவே நேர்மின்னை வெளிவளையத்துக்குக் கொடுத்தார்கள். பேட்டரியே இல்லாத கருவிகளிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. அடாப்டரின் முதுகில், ஒரு வட்டமும் அதற்குள் புள்ளியும் இருபுறமும் கூட்டல் கழித்தல் குறிகளும் கொண்ட சிறு படம் இருக்கும். கல்வெட்டுப் படிப்பதுபோல அதைப் படியுங்கள். நான் படிக்கவில்லை; 3,500 ரூபாய், அதாவது பதின்மூன்று நாள் உதவித்தொகை.

அதன்பிறகுதான் எதை வாங்குவது என்று ஒழுங்காக யோசித்தேன். கடைகளும் காணொளிகளும் எத்தனை ஆம்ப், எத்தனை எஃபெக்ட் என்று எண்ணிக்கையைச் சொல்லும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். இருநூறு ஒலிகளில் நீங்கள் நான்கைத்தான் பயன்படுத்துவீர்கள். மலிவுக் கருவிகளின் ஆம்ப் நகல்கள் இன்று போதுமான அளவு நன்றாகவே உள்ளன. ஒலிபெருக்கிப் பெட்டியின் நகல் மட்டும் கவனித்துக் கேட்கத் தக்கது. அது மோசமாக இருந்தால் ஹெட்போனில் குளவி மொய்ப்பது போல இருக்கும். இதற்கு மேல் ஒலியில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் இறுதியில் இரண்டை ஒப்பிட்டேன்: பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர். இரண்டும் நான்கு டபுள் ஏ பேட்டரிகளில் இயங்குபவை. பட்டியலில் இருந்த மற்றவற்றை இந்த ஒரு காரணத்துக்காகவே நீக்கினேன். பேட்டரியில் இயங்கும் கருவிக்குச் சுவரோடு உறவே இல்லை. எர்த் இல்லாவிட்டாலும், மின்வெட்டு வந்தாலும், மாலையில் மின்னழுத்தம் குறைந்தாலும் அது கவலைப்படாது. பாஸின் மிதி உறுதியானது, ஒலியும் ஒரு படி மேல் என்பது என் செவியின் தீர்ப்பு. ஆனால் விலை கைக்கு எட்டவில்லை. ஜூம் வாங்கினேன். உடல் பிளாஸ்டிக்தான், மிதிக்கும்போது சற்று அஞ்சியே மிதிக்கிறேன். மீள்மின்னேற்றப் பேட்டரிகளைப் போட்டிருக்கிறேன். ஒன்று 1.2 வோல்ட்தான் தரும். அதனால் மெனுவில் பேட்டரி வகையை மாற்றி வைத்தால்தான் எஞ்சியிருக்கும் அளவைச் சரியாகக் காட்டும். எட்டு பேட்டரிகள் வாங்கி நான்கு கருவியிலும் நான்கு சார்ஜரிலுமாகச் சுழற்றுகிறேன்.

பவர் பேங்கிலிருந்து 9 வோல்ட்டாக உயர்த்தித் தரும் கேபிளும் முயன்றேன். சிலவற்றில் அந்த உயர்த்தும் சுற்றே ஒரு கீச்சொலியைக் கொண்டுவருகிறது. எனக்கு வாய்த்தது அவ்வகை. மின்வெட்டு பற்றி ஒன்று. பழைய அனலாக் பெடல் மின்சாரம் திரும்பிய கணமே பாடும். மாடலர் ஒரு கணினி. அரைநொடி வெட்டுக்கும் முதலிலிருந்து எழுந்து, பெயர் காட்டி, பிறகே பாடும். பாட்டின் நடுவில் அந்தச் சில நொடிகள் மிக நீண்டவை.

இவ்வளவோடு இந்தப் பதிவு முடிந்திருக்கலாம். என் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

கடந்த டிசம்பரில் ஊரிலுள்ள சிற்றாலயம் ஒன்றில் கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன், கிதார் வாசித்துக்கொண்டே பாடுபவன். அவன் கிதார் ஒரு பழைய ஆம்பில். மைக் வேறொரு ஒலிபெருக்கியில். இரண்டும் வெவ்வேறு பிளக்குகளில், நீட்டிப்புப் பலகைகள் வழியாக. முதல் அடியைப் பாட வாயை மைக்கில் வைத்தவன் பின்னால் தெறித்து விழுந்தான். கிதார் அவன்மேல் கிடந்தது. யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள். சில நொடிகள் அவன் பேசவில்லை. பிறகு, "அக்கா, ஒதட்டுல யாரோ அறைஞ்ச மாதிரி இருந்துச்சு," என்றான். கீழுதட்டில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தீய்ந்திருந்தது. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். எனக்குக் கால்கள் நடுங்கின.

ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் மேடையிலேயே இறந்தார். கம்பியில் கை வைத்தபடி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதே காரணம். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தம் வீட்டில் மின்கிதார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். இவற்றை நான் எப்போதோ படித்து, ராக் இசை வரலாற்றின் துணுக்குகளாக நினைவில் வைத்திருந்தேன். என் புறங்கையில் எறும்பு ஊர்ந்தபோது இவை நினைவுக்கு வரவில்லை. நான் செய்ததெல்லாம் எனக்கு மட்டும் நான்கு பேட்டரிகளை வாங்கிக்கொண்டு சுவரிலிருந்து விலகியதுதான்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய் டெஸ்ட் லாம்பை எடுத்து வந்தார். மறுநாள் ஆலயத்துக்குப் போனோம். இரண்டு பிளக்குகளில் எர்த் இல்லை. மூன்றாவதில் பச்சை வயர் இருந்தது, ஆனால் யாரோ அதை நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பீடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். கருவிகள் யாவற்றையும் ஒரே பலகையிலிருந்து எடுக்கச் செய்தார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றை ஆலயக் குழுவினர் வாங்கிப் பொருத்தினார்கள். என் பணத்தைக் கொடுத்து அறிவுரை கேட்பவர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்: பத்தாயிரத்தில் இரண்டாயிரத்தை மாடலருக்கு முன் இதற்கு ஒதுக்குங்கள். பேட்டரியில் இயங்கும் மாடலரும் மேடையில் மிக்சரோடு கேபிளால் இணைகிறது. அந்தக் கேபிள் வழியாகச் சுவர் மீண்டும் உங்கள் கம்பிக்கு வந்துவிடும்.

பிறகு வீட்டுக்கு எர்த் குழி. கொல்லைப்புறத்தில் இரண்டடிக்குக் கீழ் பாறைச் சில்லுகள். கடப்பாரையோடு நானும் அப்பாவும் தம்பியும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். ஜிஐ பைப்பை இறக்கி, அடுக்கடுக்காகக் கரியும் உப்பும் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். அறுபத்தாறு வயதில் குழிக்குள் இறங்கிய அப்பா, மேலே ஏறக் கைகொடுத்தபோது, "இவ்ளோதான் ஆழம், ஏறத் தெரியாதா எனக்கு?" என்று கையைத் தள்ளிவிட்டார். பச்சை வயரை உள்ளே இழுத்து முனையில் முடுக்கியபின் டெஸ்ட் லாம்பை ஃபேஸுக்கும் பெரிய துளைக்கும் இடையே வைத்தார். பல்பு எரிந்தது. அவர் அதை எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

மடிக்கணினியில் கிதாரை மாட்டிப் பார்த்தேன். சுருக் இல்லை. ரீங்காரம் பெருமளவு குறைந்தது. முற்றாகப் போகவில்லை, ஏனெனில் என் கிதாரின் ஒற்றைச்சுருள் பிக்கப் தெருக்கம்பத்தின் காந்தப்புலத்தையும் வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் இன்னும் குறைகிறது. எப்படித் திரும்பினால் எவ்வளவு என்பது எனக்கு இப்போது மனப்பாடம்.

இடப்பக்கத்து வீட்டுப் பாட்டி நாங்கள் குழி தோண்டுவதைக் கண்டு, தண்ணீர்த் தொட்டியா என்று கேட்டிருந்தார். அப்பா விளக்கினார். அவர் வீட்டுக் கிரைண்டரும் தொட்டால் சுருக்கென்று அடிக்குமாம். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் மாவரைப்பாராம், பல ஆண்டுகளாக. அந்தப் பச்சை வயரிலிருந்து தனக்கும் ஒரு கிளை கிடைக்குமா என்று கேட்டார். வலப்பக்கத்தாரும் கேட்டிருக்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா கொல்லைச் சுவரோரம் டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறார். பாட்டி வீட்டுக்கு எட்டு மீட்டர், வலப்பக்கத்துக்குப் பதினொன்று. வயர் வாங்க நாளை ராபர்ட்சன்பேட்டைக்குப் போகவேண்டும். மூன்றாம் இயல் செவ்வாய்க்கிழமை.